வலது மூலை

மொன்ஜி சித்தப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எங்கள் தெருவே மூன்று வாரம் நம்பியது. அவரும் நம்பினார். நம்பாதவள் நான் ஒருத்திதான். அவருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. தலை நரைத்த எல்லோரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பத்தோரு வருடம் ரயில் நிலையத்து சிக்னல் அறையில் நெம்புகோல் இழுத்தவர். எந்த நெம்புகோலிலும் அவர் எழுத்தைப் படித்து இழுத்ததில்லை. கை இடத்தைத் தெரிந்து வைத்திருந்தது. ஓய்வு பெற்றவர்கள் காபிக்கடையில் டோமினோ ஆடுவார்கள், இல்லாவிட்டால் கூண்டில் குருவி வளர்ப்பார்கள். இவருக்குப் பிடித்தது கட்டற்ற மென்பொருள் பைத்தியம். செத்துப்போனதாகக் கடைக்காரன் கைவிரித்த அவருடைய பழைய கணினியில் நாங்கள் ஒரு கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தோம். அது எழுந்து ஓடியது. அன்றிலிருந்து மனிதர் எங்களை விடவில்லை.

நாங்கள் நாலு பேர். சனிக்கிழமைதோறும் எழுதுபொருள் கடை மாடியில் கூடுவோம். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நிறுவத் தெரியாமல் சனங்கள் ஓடிவிடுவார்கள். அதனால் பென்டிரைவைச் செருகி நாலே நாலு பட்டன் அழுத்தினால் எல்லாம் முடிகிற மாதிரி ஒன்று செய்தோம். அதன் திரைகளைச் செய்தவள் நான். 'நிச்சயமாகத்தானா?' என்று கடைசியில் கேட்கும் கேள்வியை எடுத்துவிட்டவளும் நான்தான். அந்தக் கேள்வியைப் பார்த்துப் பயந்துபோய் ஆளாளுக்கு போன் செய்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

சித்தப்பா அதற்கு ஒரு தாள் செய்தார். நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் அழுத்த வேண்டிய மூலை மட்டும் கறுப்பு. படிக்கவே வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் வலது கீழ்மூலை கறுப்பாக இருக்கும். பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஏற்றும் பட்டன் அங்கேதான் இருந்தது. இடது மூலையில் இருந்த பட்டன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றும். ஒவ்வொரு தாளையும் அவர் கையாலேயே வரைந்து, வீடு வீடாகக் கொடுப்பார். பதிலுக்கு ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

புதுப் பென்டிரைவ் வாங்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஏதாவது எடம் மாறியிருக்கா மகளே?"

ஆலிவ் பறிக்கிற மாதத்தில் நான் திரைகளை முழுக்க மாற்றினேன். பிரெஞ்சுக்காரன் வழக்கப்படி இடமிருந்து வலமாக இருந்ததை, அரபி படிக்கிற கண்ணுக்கு ஏற்றபடி வலமிருந்து இடமாகத் திருப்பினேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. என்ன பெருமை எனக்கு! பழைய பென்டிரைவ்களை வாங்கி, அதே பென்டிரைவ்களில் புதியதை எழுதிக் கொடுத்தேன். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"இல்ல சித்தப்பா, அதேதான். கொஞ்சம் அழகா இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.

மறுநாள் கல்தூம் அக்கா அந்தப் புதிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, சித்தப்பா கொடுத்திருந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆம்பளைத் துணை இல்லாமல் நானே செய்கிறேன் என்று மூன்றாவது திரையில் வலது மூலையை அழுத்தினாள். அவள் கல்யாண வீடுகளில் பாடும் பெண்கள் குழுவின் தலைவி. இறந்துபோன தங்கை பதினோரு வருடம் பாடிய பாட்டெல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. எல்லாம் அழிந்துபோனது. இரண்டு நாள் உட்கார்ந்து தோண்டினேன். ஒரு துண்டு குலவைச் சத்தமும் கைதட்டலும் மட்டும் வந்தன. பாட்டு ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் நாலு பேரில் ஒருவனான ஃபத்ஹி கல்தூம் வீட்டுத் தாளை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். "பாத்தியா ரௌதா? கெழவன் மூலைய மாத்தி வரைஞ்சு வெச்சிருக்காரு. ரயிலை எல்லாம் எப்படித்தான் ஓட்டினாரோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்!"

"அவர் சரியாத்தான் வரைஞ்சாரு" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் தேநீர் டம்ளரில் மிதந்த பாதாம் பருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே புதிய பென்டிரைவைச் செருகி, சித்தப்பா தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கறுப்பு மூலையில் அழிக்கும் பட்டன். பழையதோடு ஒப்பிட வழியில்லை, அதைத்தான் நான் வாங்கி மேலேயே எழுதிவிட்டேனே. ஞாபகம் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி. அந்த ஞாபகத்தையே அவர் சந்தேகித்தார். அவருடைய அக்கா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனவள். நேரே டாக்டரிடம் போனார். மொபெட் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். கடைக்குப் போகும்போது பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினேன். என்ன ஜென்மமோ நான்.

மூன்றாவது வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் மக்ரூத் இனிப்பு, கக்கத்தில் ஒரு கட்டுத் தாள்.

"எல்லா வீட்டுக்கும் போயி திருப்பி வாங்கிட்டேன். இருபத்தாறு. மத்த மூலையெல்லாம் சரியான்னு நீ பாரு மகளே. எனக்கு இனிமே என் மேல நம்பிக்கை இல்ல. இன்னும் யார் வீட்லயாவது..."

அவர் முடிக்கவில்லை. தாள்களை நான் வாங்கவும் இல்லை.

"சித்தப்பா, நீங்க சரியாத்தான் வரைஞ்சீங்க."

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. நாந்தான் பட்டனைத் திருப்பினேன். கல்தூம் அக்கா ஏத்தினதுக்கு முந்தின நாளு. நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு."

தாள்கட்டை மேசைமேல் வைத்தார். முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நிம்மதி. அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தார். "மூணு வாரம், ரௌதா."

மகளே என்று சொல்லவில்லை.

"கல்தூம் என்னைத் திட்டவே இல்ல, தெரியுமா? வயசான கை, விடுங்கன்னு சொல்லி வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் போட்டா. கறியெல்லாம் என் பக்கமா தள்ளி வெச்சா. நான் தலை குனிஞ்சு சாப்பிட்டேன். இப்ப நீ எழுந்து வா."

கல்தூம் அக்கா வாசலிலேயே நின்று நான் சொன்னதைக் கேட்டாள். கூஸ்கூஸ் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "பட்டனை எதுக்குடி திருப்பின?" என்றாள்.

"உங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு."

"எங்ககிட்ட கேட்டியா?"

இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யார் கல்யாணத்தில் குலவை கேட்டாலும் நான் உள்ளே போவதில்லை, வாசலிலேயே வாழ்த்திவிட்டு வந்துவிடுகிறேன்.

சித்தப்பா அன்றே மகளிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னிலும் நான் சொன்னேன், ஃபத்ஹியும் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். 'நிச்சயமாகத்தானா?' என்ற கேள்வி திரும்பி வந்துவிட்டது. இப்போது பட்டன்களில் எழுத்தோடு படமும் உண்டு. அவர் இருபத்தாறு தாளையும் புதிதாக வரைந்து, அதே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இன்றும் சனிக்கிழமை தவறாமல் மொபெட்டில் வருகிறார். என் பங்குத் தேநீரை எனக்கு ஊற்றித் தருகிறார், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்கிறார். பென்டிரைவை என் கையிலிருந்துதான் வாங்குகிறார். வாங்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய் ஃபத்ஹியிடம் கேட்கிறார்: "ஏதாவது எடம் மாறியிருக்கா?"