ஒரே முகவரியிலிருந்து வந்தவர்கள்

மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் பஸ்களுக்கு டிக்கெட் விற்கிற இணையதளம் ஒன்றை வடிவமைத்தவன் நான். மே மாத விடுமுறைக்கான விற்பனை காலை எட்டு மணிக்குத் திறந்ததும் கூட்டம் முட்டி மோதும். முந்தைய வருஷம் தளம் பொத்தென்று படுத்துவிட்டது. அந்த அவமானத்தில் சர்வர்களைப் பெருக்கினேன், வருகிறவர்களை வரிசையில் நிறுத்தினேன். கூடவே ஒரு விதியும் வைத்தேன்: ஒரே இணைய முகவரியிலிருந்து சரமாரியாகக் கோரிக்கை வந்தால் அது மனிதரல்ல, டிக்கெட் பதுக்கும் ஏஜென்டின் மென்பொருள், அடைத்துவிடு.

இந்த முறை தளம் துளியும் ஆடவில்லை. செம்பூர் ஆபீசில் மேனேஜர் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். நான் வாயில் போட்ட நேரம் தாராவியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏலே, இருவது பேரு ஒக்காந்து அமுக்குதோம், ஒருத்தருக்கும் தொறக்கல. சந்தேகமா இருக்குன்னு வருது. நாங்க என்னல, களவாணிப் பயலுவளா?"

எங்கள் சந்து முழுக்க ஒரே நெட் கனெக்‌ஷன். காலேஜ் படிக்கும்போது கூரை கூரையாக வயர் இழுத்துப் பிரித்துக் கொடுத்தவனே நான்தான். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு சந்தே இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது! செம்பூரில் தனி கனெக்‌ஷன் வாங்கிவிட்ட துரை அல்லவா நான்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சந்தே திரண்டு ஒரே பஸ்ஸில்தான் போகும். அத்தான் ஆபரேஷனில் பிழைத்ததற்காக இந்தக் கொடையில் பொங்கல் வைப்பதாக அக்கா நேர்ந்திருந்தாள். நான் அடைப்பை எடுப்பதற்குள் எல்லா சீட்டும் தீர்ந்துவிட்டது.

"ஃப்ளைட் போடுதேன்க்கா. நீயும் அத்தானும் போயிட்டு வாங்க."

"அத்தான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப மொற போட்டு சோறு கொண்டாந்த சனம்ல இது. இவங்கள விட்டுட்டு நாங்க மட்டும் பறக்கவா? வையி ஃபோன."

அக்கா போகவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் அந்த விதியைத் தளர்த்தவேண்டும் என்றேன். தாராவியில் சந்துக்கு ஒரு கனெக்‌ஷன்தான் இருக்கும் என்று விளக்கினேன்.

"அரே, ஏதோ ஒரு சந்துக்காக இவ்வளவு பெரிய சிஸ்டத்தில் கை வைப்பாயா?" என்று மேனேஜர் இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், தூ! அது என் சந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.