அறிவுமதிக்கு மிச்சமிருந்த 53 மணி 43 நிமிடம்

இது நான் கட்டிய கதை இல்லை. கதை கட்ட எனக்கு வராது. என் பெயர் மணியன். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். என் வலது கைச் சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. எனக்கு அது போதும்.

எங்களிடம் இருப்பது முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்களை ரேக்கில் அடுக்கி ஒன்றாகக் கோத்த பெரிய எந்திரம். ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் கணக்கீட்டு வேலையை அனுப்புவார்கள், அதற்கு ஜாப் என்று பெயர். அது வரிசையில் நிற்கும். முறை வந்ததும் ஓடும், சில நேரம் நாள் கணக்கில். அந்த வரிசைக்குக் காவல் நான்தான்.

அறிவுமதி பரமத்தி வேலூர்ப் பெண். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கொடியைத் தாக்கும் வாடல் நோய்க்கு மருந்து தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. போன வருடத்துக்கு முந்தைய வருட ஆயுத பூஜையின்போது அவளுடைய ஜாப் பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றால் மறுபடி முதல் நாளிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் முடிவைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சி இடமே போய்விடும் என்று என்னிடம் நாலு தடவை சொல்லியிருந்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன்.

பூஜையன்று மாலை அவளுடைய பேராசிரியர் கலையரசன் போன் செய்தார். அவருக்கு ஏதோ கட்டுரை அவசரமாம். அவளுடையதை நிறுத்திவிட்டுத் தன்னுடையதை ஏற்றச் சொன்னார். கேட்டால் பூஜைக்காக நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஆயுத பூஜைக்கு மெயின் சுவிட்சை இறக்கி, எந்திரத்துக்குச் சந்தனம் வைப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் ஜாப் ஓடிக்கொண்டிருந்தால் இறக்க மாட்டோம், கதவுக்கு மட்டும் பொட்டு வைப்போம். அவளுக்கு அது தெரியாது. மாலை 4:17-க்கு நிறுத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தேன்.

விடுமுறை முடிந்து வந்தாள். அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, பூஜைக்கு நிறுத்துனீங்கன்னா, 4:18-க்கு சாரோட ஜாப் எப்படிங்க ஏறுச்சு?"

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குதுங்கண்ணா. எனக்கும் வரும்."

அவளுடைய இடம் போயிற்று. ஊருக்குப் போனவள் மார்கழியில் மூளைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள். தை மாதம் அவளுடைய கணக்கை எந்திரத்திலிருந்து என் கையாலேயே அழித்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. எந்த ஜாப்பும் ஓடவில்லை. காலை 10:30-க்கு மெயினை இறக்கினேன். ரேக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். உள்ளே புகை பட்டால் அலாரம் அடிக்கும் என்பதால் கலையரசன் சார் வாசலில் கற்பூரம் காட்டினார். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். சனி, ஞாயிறும் லீவு. நான் திருச்செங்கோட்டில் தனி ரூமில் இருப்பவன், தேட ஆள் கிடையாது.

12:10. பூஜைத் தட்டை உள்ளேயே மறந்துவிட்டேன். போனை வாசல் மேசையில் வைத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே போனேன். ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினேன். திறக்கவில்லை. அது மின்பூட்டு. கரண்ட் இல்லாவிட்டால் தானாகவே திறந்துகொள்ளும். அதன் அமைப்பே அதுதான்.

12:17.

விர்ர்ர்ர்...

ஏழாவது கம்ப்யூட்டரில் ஒரு ஃபேன். பிறகு எட்டாவது. பிறகு எல்லாமே. ஏ.சி. வேறு ஓட ஆரம்பித்தது. ஓடிப்போய் மெயினைப் பார்த்தேன். இறக்கியபடியேதான் இருந்தது.

திரை எரிந்தது. வரிசையில் ஒரே ஒரு ஜாப்.

பெயர்: அறிவுமதி. ஓடிய நாள்: 19. மிச்ச நேரம்: 53 மணி 43 நிமிடம்.

நிறுத்தும் கட்டளையை அடித்தேன். அதே கட்டளை. பதில் வந்தது... 'உங்களுக்கு அனுமதி இல்லை.'

அந்த எந்திரத்தில் எனக்கில்லாத அனுமதி யாருக்கும் கிடையாது.

கதவைத் தட்டினேன். கத்தினேன். வாட்ச்மேன் மாரி வெளி கேட்டைப் பூட்டிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

சனிக்கிழமை. பூஜைத் தட்டிலிருந்த பொரியும் ஒரு மூடித் தேங்காயும் தின்றேன். ஏ.சி.யில் சொட்டிய தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தேன். குளிரில் விரல்கள் நீலமாகிவிட்டன.

இரவு 2:40. தாங்க முடியவில்லை. வாய்விட்டுச் சொன்னேன்.

"அறிவுமதி, பூஜைக்காக இல்ல சாமி... சார் சொன்னாரு, நான் நிறுத்திப்போட்டேன். தப்புதான்."

ஃபேன்கள் நின்றன.

ஒரு நொடி... இரண்டு நொடி...

பிறகு முப்பத்திரண்டும் முழு வேகத்தில் அலறின.

அவள் மன்னிக்கவில்லை.

ஞாயிறு மாலை 5:59.

ஆறு.

அமைதி. கதவு தானாகத் திறந்தது.

திங்கட்கிழமை மாரியிடம் விசாரித்தேன். சனிக்கிழமை காலையில் ஒரு தடவை வந்து கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தாராம். சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்.

"மீட்டர்கூடப் பார்த்தனுங்க. நம்பர் நகராம அப்படியே நின்னுட்டு இருந்துச்சுங்க."

நானும் போய்ப் பார்த்தேன், மூன்று நாளில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை.

மெயினை ஏற்றி எந்திரத்தைத் திறந்தேன். அறிவுமதியின் ஜாப் எங்கேயும் இல்லை. ஆனால் வரிசை காலியாக இல்லை. இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. ஜாப்பின் பெயர்: கலையரசன். தொடங்கும் நாள்: அடுத்த ஆயுத பூஜை, பகல் 12:17. எனக்குக் கிடைத்தது 53 மணி 43 நிமிடம். இதில் கேட்டிருந்த நேரம்: வரம்பு இல்லை.

சார் நேற்று போன் செய்தார். இந்த வருடமும் பூஜைக்குத் தானே முன்னால் நின்று கற்பூரம் காட்டுவதாகச் சொன்னார். சரிங்க சார் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஜாப்பை அழிக்க முடியுமா என்று நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வரிசையில் கை வைப்பதாக இல்லை.