சிமெண்டில் கட்டிய வரப்பு

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். எழுபதுகளின் கடைசியில் என் மாமனாருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது. கணவர் லாரி ஓட்டப் போனால் திரும்பி வர மாதமாகும். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, பார்த்துக்கொள்ள ஆள் நான்தான். மாமனாரின் மூத்த மகன், என் கணவரின் அண்ணன், நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்தார். அவருக்கு யோசனை சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

மாமனாருக்குப் பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. தண்ணி முறை மட்டும் மறக்கவில்லை. எங்கள் கிணறு பங்காளிகளுக்குப் பொது. குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மதியம் தாண்டினால் "நம்ம முறை வந்துருச்சு" என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். அடுத்தவர் தோட்டத்தில் மடையை வெட்டித் திருப்புவார். அவர்கள் என்னிடம் வந்து கத்துவார்கள். கத்தல் போகட்டும். அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அவர் தவறி உள்ளே விழுந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

"கட்டிப் போட்டறலாம் அம்மிணி, வேற வழியில்லை" என்றார் மூத்தவர். மாட்டைக் கட்டுகிற மாதிரி மனிதரைக் கட்டுவதா? முடியாது என்றேன். "அப்ப நீதான் பாத்துக்கோணும்" என்றார். ஏதோ அதுவரை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி.

புறக்கடையில் நானே மண்ணைக் கொத்தி, சின்னச் சின்னப் பாத்திகள் போட்டு, வாய்க்கால் இழுத்தேன். மதியம் மாமனார் தூங்கி எழுந்ததும் "மாமா, நம்ம முறைங்க, தண்ணி உட்டாச்சுங்க" என்று சொல்லித் தொட்டியிலிருந்து குடம் குடமாக ஊற்றுவேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார். அந்த நேரத்தில் அவரிடம் துளித் தடுமாற்றம் இருக்காது. எல்லாம் நிறைந்ததும் கால் கழுவிக்கொண்டு, "பாஞ்சிருச்சு சாமி, சோறு போடு" என்பார். சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். எனக்கு இடுப்பு ஒடிந்தது, ஆனால் கிணற்றுப் பக்கம் அவர் போகவில்லை. மழை பொய்த்த வருஷத்தில், குடிக்கிற தண்ணீரைப் பைத்தியத்தின் விளையாட்டுக்குக் கொட்டுகிறாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று கொட்டினேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரே ஒரு நாள் பிறந்த ஊருக்குப் போனேன். மூத்தவரை வரவழைத்து, மதியம் என்ன செய்ய வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவரோ, கடலைக்காய் காயப்போடக் களம் வேண்டும் என்று கொத்தனாரைக் கூட்டி வந்து, பாத்திகளை மட்டமாக்கிச் சிமெண்ட் போட்டுவிட்டார்.

மாமனார் தூங்கி எழுந்து வந்திருக்கிறார். ஈரமாக, சாம்பல் நிறத்தில் பரவிக் கிடந்ததைப் பார்த்ததும், யாரும் வரப்புக் கட்டாமல் தண்ணீர் வீணாகப் போகிறது என்று பதறியிருக்கிறார். மண்வெட்டியை எடுத்து ஈரச் சிமெண்டை இழுத்து வரப்பு கட்டி, மடை திறந்து, பாதிக் களத்தைப் பாத்தியாக்கிவிட்டார்.

பொழுது சாய நான் வந்தபோது அவர் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துத் தாம்புக்கயிற்றால் தூணோடு கட்டியிருந்தது. கயிற்றை அறுத்துவிட்டு, மூத்தவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஒரு நாள் வேலை பூராப் பாழாப் போச்சு, தெரியுமா உனக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு மாமனார் மண்வெட்டியைத் தொடவில்லை. "நம்ம முறைங்க மாமா" என்று கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கிணற்றுப் பயம் எனக்கு அடியோடு போனது. இப்படிப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மூத்தவர் எப்போதாவது வந்தால் மட்டும் மாமனார் எழுந்து நிற்பார். இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டுவார். ஒருமுறை நோம்பி, பண்டிகை என்று வந்திருந்த சொந்தக்காரர்களிடம் மூத்தவர் பெருமையாகச் சொன்னார்: "அப்பனுக்கு ஆரையும் அடையாளந் தெரியலீங்க. என்னைய மட்டும் தெரியுதுங்க. பாருங்க, எப்படிக் கும்பிடறாருன்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"கும்பிடலீங்க. கட்டறதுக்குக் கை நீட்டறாருங்க."