அழித்துவிட்ட பழைய பைதன்

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சில்லை. அகதி முகாமிலிருந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பியபோது, அக்கா கலியாணம் கட்டித் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டாள். ஒருமுறை வந்து நின்ற நாள்களில் அப்பாவுக்காக எங்கள் கணினியில் பைதன் என்ற நிரல்மொழியில் ஒரு செயலி எழுதிக் கொடுத்தாள். திரையில் சில படங்கள். கோப்பைப் படத்தை அழுத்தினால், "தேத்தண்ணி வேணும்" என்று அக்காவின் குரல் கேட்கும். அப்பா இடது கையால் மவுசை உருட்டி நாளெல்லாம் அதையே அழுத்துவார். நானும் ஊற்றிக் கொடுப்பேன். பாதி நாள் குடிக்காமல் ஆறிப்போகும்.

போன மாதம் எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலையொன்று கிடைத்தது. பைதனின் புதிய பதிப்பு வேண்டும் என்றார்கள். பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் தனித்தனியாக வைத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. இடம் போதவில்லை என்ற எரிச்சலில் பழையதை அழித்தேன். என்னைப் போல ஒரு கெட்டிக்காரன் இந்தத் தீவில் இல்லை.

மறுநாள் காலை அப்பா கோப்பையை அழுத்தினார். சிவப்பெழுத்தில் பிழைச்செய்தி வந்தது. குரல் வரவில்லை. மறுபடி அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தச் செயலி ஓடியது நான் அழித்த பழைய பைதனில்தான்.

பழைய பதிப்புகளைத் தேடி ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்றில் செயலி திறக்கவேயில்லை. இன்னொன்றில் படங்கள் வந்தன, குரல் பதிவுகள் ஒலிக்கவில்லை. பதற்றத்தில் தனித்தனியாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியதில், செயலியைச் சரிக்கட்டினால் என் வேலை படுத்துவிடும், வேலையை எழுப்பினால் இது படுத்துவிடும். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. கடைசியில் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எந்தப் பதிப்பில எழுதினனீங்கள், அக்கா?"

"எனக்கெங்க தம்பி ஞாபகம்? அந்த நேரம் கிடந்ததிலதான் எழுதினனான்."

அதற்குள் அப்பா மறுபடி கோப்பையை அழுத்தத் தொடங்கியிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணியை ஊற்றி வந்து முன்னால் வைத்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பா, தேத்தண்ணி வேணுமோ?" என்று அக்கா கேட்டாள்.

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். மவுசை விட்டுவிட்டுத் தொலைபேசிக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அடுப்பில் சோறு கிடக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். அப்பா கையை இறக்கவில்லை. இணைப்பு போய்விட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.