அதை ஜெசிந்தா அக்காவே தைத்தார்

வத்தளையிலிருந்து வரும் பஸ்ஸில், களனிப் பாலத்து நெரிசலுக்குள் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. எங்கள் தேவாலயப் பங்கு மகளிர் குழுவின் வட்ஸ்அப்பில் ஒரே வரி: "ஜெசிந்தா அக்கா காலமானார்." அதற்குக் கீழேயே யாரோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார்கள். நான் அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் பல் வைத்தியரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கப் போவதை மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஜெசிந்தா அக்கா தட்டச்சாளராக இருந்தார். அடுத்த மேசை என்னுடையது. பொறுமைசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தாளை உருவிக் கசக்கி எறிந்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பார். மனேஜர் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு, மெல்பேர்னிலிருந்த தங்கை அவருக்கு ஒரு குயில்ட் அனுப்பினார். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, மூன்றும் விலகாதபடி மேலே கொடி கொடியாகத் தைத்த போர்வை. கொழும்புச் சூட்டில் அதைப் போர்த்த முடியுமா என்று எல்லோரும் சிரித்தோம். அவர் தையலை மட்டும் பார்த்தார்; அப்படி ஒன்றைத் தானே தைக்க வேண்டுமென்றார். வழக்கமாகத் தையல் மெசினில் ஊசிக்குக் கீழேயுள்ள பற்கள்தான் துணியைத் தள்ளும். இதில் பற்களுக்கு வேலையில்லை. ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்க, துணியைக் கையால் நகர்த்தியே படம் வரைய வேண்டும்.

அவரிடம் இருந்தது கல்யாணத்துக்கு வாங்கி, பிற்காலத்தில் காலால் மிதித்து ஓட்டும் மோட்டார் பூட்டிய சாதாரண வீட்டு மெசின். பற்களை இறக்கும் வசதி அதில் இல்லை. மருதானையில் மெசின் திருத்துபவர், இதில் அது நடக்காது நோனா, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். அக்கா வீட்டுக்கு வந்து ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலை வெட்டி, ஊசிக்கு ஓட்டை போட்டு, பற்களின் மேல் ஒட்டினார்.

எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் கொட்டாஞ்சேனையிலுள்ள அவர் வீட்டில் பக்கத்தில் இருந்து, மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊக்குக் குத்திக் கொடுத்தேன். அவ்வளவு எரிச்சலான சனிக்கிழமைகளை நான் கண்டதில்லை. நூல் அறும். மேலே அழகாக இருக்கும். திருப்பினால் அடியில் நூல் பந்துபந்தாகச் சுருண்டு கிடக்கும். மெசினின் கழுத்துக்குள் போர்வை நுழையாது. சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வார். "கை ஒரு கதை கதைக்குது, கால் வேறொரு கதை கதைக்குது" என்று தன்னையே திட்டுவார். ஒரு மூலையை மட்டும் ஆறு தரம் பிரித்தார். விட்டுவிடுங்கள் அக்கா என்றேன். "விடலாம். ஆனா இது என்னை விடாதே" என்றார்.

கடைசியில் அந்தப் போர்வை முழுவதும் அலைகள் ஓடின. எங்கு தொடங்கி எங்கு முடிகிறதென்று எனக்கே தெரியவில்லை.

அதைப் பங்குக் கைவேலைக் கண்காட்சிக்குக் கொடுத்தார். ஹெவ்லொக் டவுனிலிருந்து நடுவராக வந்த பெண்மணி தொட்டுப் பார்த்துவிட்டு, இது கம்பியூட்டர் மெசின் வேலை, வீட்டு மெசினில் இப்படி வராது, போட்டியில் சேர்க்க முடியாது என்றார். குழுவின் செயலாளர் நான். இவர் தைத்ததை யாராவது பார்த்தீர்களா என்று என்னிடம்தான் கேட்டார். வந்த விருந்தாளியோடு வாதாடக் கூச்சப்பட்டு, "முழுக்கப் பார்க்கேல்ல" என்றேன். வார நாட்களில் அவர் தைத்ததை நான் பார்க்கவில்லைதான். அந்தச் சின்ன உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் பரிசளிப்புக்கு நடுவர் வந்திருந்தபோது, தைத்துக் காட்டவென்று அக்கா மெசினை ஓட்டோவில் ஏற்றி வந்தார். மண்டபத்து மேசை ஆடியது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் வளைவிலேயே நூல் அறுந்தது. கோத்தார், மறுபடி அறுந்தது. பிறகு ஊசியே முறிந்தது. பரவாயில்லை, விடுங்கள் என்று நடுவர் இரக்கத்தோடு சொன்னார். அந்த இரக்கத்தைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. மெசினை மூடினார். திரும்பும்போது ஓட்டோவில் என் பக்கம் பார்க்காமலே கேட்டார்:

"நீர் பக்கத்தில இருந்தனீர்தானே. ஏன் சொல்லேல்ல?"

நான் மெசின் சரியாதபடி பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன்.

ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில், "ஊசி வாங்க மருதானைக்குப் போறன், வாறீரா?" என்றார். போனேன். பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "நூல் கடைக்காரன் மூடப் போறான், கெதியா இறங்கும்" என்று எழுந்துவிட்டார். அதன் பின் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் ஏதாவது ஒரு வேலை வந்து குறுக்கே நிற்கும். மன்னித்தாரா, கேட்க விருப்பமில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. அது என்னை இப்போதும் அரிக்கிறது.

ஆகவே அன்று மண்டபத்தில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த அலைப் போர்வையை ஜெசிந்தா அக்காவே தைத்தார். வீட்டு மெசினில், தன் இரண்டு கையாலும் தைத்தார். நான் பார்த்தேன்.

சென்ற வருடம் பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. கட்டிலருகே மெசின் மேசையை இழுத்துப் போடச் சொல்லி மகள் ஷர்மிளாவை ஓயவிடவில்லையாம். செத்தவீட்டில் ஷர்மிளா ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கைக்குட்டை அளவுதான். இடது காலால் மிதித்து, இடது கையால் நகர்த்தி அம்மா தைத்தது என்றாள். முதலில் வெறும் கிறுக்கல்; நூல் முடிச்சுகள்; ஊசி ஒரே இடத்தில் குத்திக் கிழித்த ஓர் ஓட்டை. கீழே வர வர நடுக்கம் குறைகிறது. கடைசி வரியில் ஒரு வளைவு, அதையடுத்து இன்னொன்று, இரண்டும் சுத்தமாக வந்திருக்கின்றன. மூன்றாவது பாதியில் நிற்கிறது.

"இடது கைக்கு இப்பதான் புத்தி வருது" என்று போன கிழமை சொன்னாராம்.

போய் வாருங்கள், அக்கா.