கூரைத் தண்ணீர் விழுந்த இடம்

மதியம் பன்னிரண்டு ஐம்பது. தேவாலயத்தின் பக்கக் கதவைத் தள்ளுவதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் நேரம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை என்று மகள் சொல்லியிருந்தாள். அவளும் அவளோடு வேலை செய்தவர்களும் அன்று சற்று முன்னதாகவே வெளியே உள்ள கொட்டகைக்குப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. என் கையில் அவளுக்காகப் புட்டும் முட்டைப் பொரியலும் இருந்த பெட்டி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் நாட்டை விட்டு வந்து, பார்க்கிங் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நான் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் அதே போன்ற ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். மகளுக்குப் பத்தொன்பது வயது. மருந்தாளர் படிப்புக்குப் போகச் சொல்லி நானும் கணவரும் ஒரு வருடம் மன்றாடியும் கேளாமல் தொல்லியல் படிக்கப் போனாள். அந்தக் கோடையில் இரண்டு பஸ் தூரத்திலிருந்த ஒரு பழைய தேவாலயத்தில் அவளுக்கு அகழாய்வில் இடம் கிடைத்திருந்தது. ஈரம் ஊறிய தரையைப் பெயர்த்துவிட்டு, புதிய கொங்கிறீற் போடுவதற்கு முன் ஆறு கிழமை, ஒன்றரை மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். பொறுப்பாளருக்கு அவளுடைய வேலை பிடித்தால் அடுத்த வருடமும் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். அவள் அதைத் தவிர வேறொன்றும் பேசாத நாட்கள் அவை.

ஒரு இரவுச் சாப்பாட்டின்போது கரண்டிகளை வைத்து எங்களுக்கு அந்தக் கட்டடத்தை விளக்கினாள்.

"இப்ப உள்ளுக்க தூண் வரிசை நிக்குதெல்லோ, அது முந்திச் சுவர் அம்மா. பிறகு சனம் கூடினவுடன சுவரை உடைச்சு வளைவு வச்சு, பக்கத்தில இன்னொரு கூடம் கட்டியிருக்கினம். அப்ப இப்ப உள்ளுக்க இருக்கிற நிலம் அந்த நாளில வெளிநிலம். அதிலதான் குழந்தையளின்ர குழி. வரிசையா, சுவரோட ஒட்டி."

"ஏன் அவ்வளவு கிட்ட?" என்றேன்.

"கூரைத் தண்ணி. ஞானஸ்நானம் குடுக்க முந்திச் செத்த பிள்ளையளாயிருக்கும் எண்டு எங்கட பொறுப்பாளர் நினைக்கிறார். கோயில் கூரையில பட்டு வாற மழைத்தண்ணி அதுகளில விழட்டும் எண்டு அதில தாட்டிருக்கலாமாம். நிச்சயமா ஒருத்தருக்கும் தெரியாது."

"சாப்பாட்டு மேசையில பிணக்கதை," என்றார் கணவர்.

"ஆயிரம் வருசத்துப் பிணம் அப்பா, மணக்காது. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவள் சிரித்தாள். நான் எழுந்து அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

அவளுக்கு முன்னே எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது அவளுக்குத் தெரியாது. நான்கு மணித்தியாலம் இருந்தான். ஞானஸ்நானம் கொடுக்கப் பங்குச் சுவாமியைக் கூட்டிவர ஆள் போயிருந்தது, அவர் வந்துசேரவில்லை. ஆபத்தில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தால் அவன் சாகப்போகிறான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். எடுக்கவில்லை. கணவரும் அவருடைய தமையனும் அவனைக் கொண்டுபோய், ஞானஸ்நானம் பெறாதவன் என்பதால் சேமக்காலை என்ற கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, சுவாமி மந்திரித்து ஆசீர்வதிக்காத நிலத்தில் தாட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் குழிக்குள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவோம். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இடத்தை எனக்கு யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மதியம் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குழி பிளாஸ்ரிக் தாளால் மூடியிருந்தது. தாளின் ஓரத்தில் மகளின் கையெழுத்தில் ஒரு இலக்க அட்டை. தாளைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு குழந்தையின் எலும்புக்கூடு, என் முன்னங்கையை விட நீளமில்லை. விலா எலும்புகள் தீக்குச்சிகள் போலிருந்தன. ஒவ்வொன்றையும் தூரிகையால் துப்புரவாக்கி, மண்ணிலிருந்து பாதி வெளியே தெரியும்படி விட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி நிறைய மண்.

நான் யோசிக்கவில்லை. முழந்தாளிட்டு ஒரு பிடி எடுத்துப் போட்டேன். இரண்டாவது பிடி. மூன்றாவது பிடி ஈரக் களிமண் கட்டி. அது விழுந்தபோது முட்டைக்கோது உடைவது போல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தலையில் விழுந்திருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தாளைத் திரும்ப மூடவுமில்லை.

அன்று மாலை மகள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படியில் இருந்து அழுதாள். படம் எடுக்க முன்னமே மண்டையோடு நொறுங்கிப்போயிற்று. மூடாமல் போனதும் மண்வாளியைத் தட்டிவிட்டதும் அவள்தான் என்று பொறுப்பாளர் முடிவு செய்திருந்தார். அந்தக் குழிக்குக் கடைசியாக அவள்தான் பொறுப்பு.

"நான் மூடினனான் அம்மா. சத்தியமா மூடினனான். அவர் கத்தவுமில்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை. பேசாம தொப்பியைக் கழட்டிப்போட்டு அந்தக் குழியையே பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு நாளைக்கு வரத் தேவையில்லை எண்டிட்டார்."

நான் அவளுடைய தலையைத் தடவினேன். என் விரல் நகங்களுக்குள் இன்னும் அந்த மண் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மண்ணைப் போட்டேன் என்று சொன்னால் ஏன் போட்டேன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் இருபது வருடமாக மூடி வைத்ததெல்லாம் திறந்துவிடும். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க, குசினி அடுப்படியில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெற்றோல் நிலைய ஷிப்டுக்குப் போக உடுப்பு மாற்றி நின்றவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும். பழசைக் கிண்டி என்ன செய்யப்போறீர்?"

"கிண்டுறதுதானே அவளின்ர வேலை. அந்த வேலையை நானெல்லோ கெடுத்துப்போட்டன்."

"வேற வேலை தேடட்டும். மருந்துக்கடைப் படிப்புக்கு இப்பவும் இடம் இருக்கும்."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை விட, ஒரு கணம் அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது என்பதே பிறகு என்னை அதிகம் வதைத்தது.

"எங்க தாட்டனீங்கள்?" என்று கேட்டேன். அதுவரை கேட்காத கேள்வி.

அவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். "மதிலோட ஒட்டித்தான். அதுக்கு மேல கிட்டப் போக விடேல்லை," என்றார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை மகள் ஒரு பையுடன் மிச்சம் என்ற இடத்தில் இருந்த சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பாத்து மருந்துக்கடை எண்டு நினைக்கிறது எனக்குக் கேக்குது," என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னாள். ஞாயிறு பூசையில் நான் நன்மை என்னும் நற்கருணை வாங்கப் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வழிவிட்டு எழுந்து நின்றார்கள். நான் கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். பொறுப்பாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கல்லறைகளுக்கு நடுவே ஒரு வாங்குப் பலகையில் இருந்து அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மண் போட்டது நான். என் மகள் குழியை மூடிவிட்டுத்தான் போனாள். இவ்வளவும் எழுதினால் போதும். ஆனால் புத்தி சரியில்லாத ஒருத்தி செய்த வேலை என்று அவர் நினைத்துவிட்டால் மகள் தாய்க்காகப் பழியேற்க வேண்டிவருமே என்று பயந்து, நான்கு மணித்தியாலத்தையும் கிளாஸ் தண்ணீரையும் மதிலையும் எழுதினேன். இரண்டு பக்கம். உடைந்த மண்டையோட்டுக்கு மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்குத் தெளிவில்லை. கொட்டகையில் இருந்த ஒரு பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய் முழுக்க ரெலிபோன் அடிக்கவில்லை. சிநேகிதி வீட்டுக்கு நான் எடுத்தபோது அவளுடைய தாய், "விடியவே வெளிக்கிட்டுப் போட்டாளே," என்றார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. ஆற்றில், தண்டவாளத்தில், எங்கெல்லாமோ மனதுக்குள் அவளைப் பார்த்தேன்.

புதன் மாலை ஆறு மணியளவில் கதவு மணி அடித்தது. அவளிடம் திறப்பு இருந்தும் மணியை அடித்தாள். வாசலில் நின்றாள். பூட்ஸ் முழுவதும் ஈரக் களிமண்; முழங்கால் வரை மஞ்சளாய் அப்பியிருந்தது. வேலையிலிருந்துதான் வருகிறாள் என்று தெரிந்ததும் கதவை அகலத் திறந்தேன். கையில் என் கடிதம், நான் மடித்ததை விட இன்னும் சிறியதாக மடிக்கப்பட்டிருந்தது. பொறுப்பாளர் அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு, அதை அவளிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் கூடத்தில் நின்ற தகப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "அண்ணாக்கு என்ன பேர் வைக்க இருந்தனீங்கள்?"