மின்சார ஊரில் பசித்த நாள்

புயல் எச்சரிக்கை வந்ததுமே அரிசி, பருப்பு எல்லாம் வாங்கிக் குவித்தேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் சமையல் முழுக்க மின்சார அடுப்பில்தான். கரண்ட் தயாரிக்கிற ஊரில் கரண்ட் போகுமா என்ற தைரியம்!

காலையில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. கணவர் ஷிப்டுக்குப் போன மைன்ஸிலேயே மாட்டிக்கொண்டார். மூன்று வயது மகள் பசியில் அழ, அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா மழையில் நனைந்தபடி வந்தார். "புள்ள அழுதுகினே கீதே! இந்தாம்மா அவலு, வெல்லம். ஊற வச்சிக் குடு." தன் வீட்டில் இருந்ததில் பாதி அது.

இப்போது அவல், பொட்டுக்கடலை, சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அவற்றைக் கொண்டே சமாளித்துப் பார்க்கிறோம். முதல் ஞாயிறே குட்டு வெளிப்பட்டது. கஞ்சி மாவுக்கு வாங்கிய தானியத்தை நான் அரைத்தே வைக்கவில்லை. மிக்ஸிக்கும் கரண்ட் வேண்டுமே!